செருப்புகள் ஊர் பார்த்த நாள்

லாவ்மென் என்கிற அந்தச் சீனத்துச் சிற்றூருக்கு என்றைக்காவது போனீர்கள் என்றால், மதில் வாசலைத் தாண்டியதும் வலது கைப்பக்கம் ஒரு நீலப் பலகை நிற்கும், ‘தனியாக வரும் காலணிகள் ஓரமாக நடக்கவும், சிவப்பு விளக்கில் நிற்கவும்’ என்று அதில் எழுதியிருக்கும், அதை யாரும் நின்று பார்ப்பதுமில்லை, பார்த்துச் சிரிப்பதுமில்லை, பள்ளிக்கூடம் இருக்கிறது மெதுவாகப் போ என்கிற பலகையைப் பார்த்து நம் ஊரில் யார் சிரிக்கிறார்கள், அது போலத்தான். அந்தப் பலகை அங்கே வந்ததற்குக் காரணம் நம் பக்கத்துப் பிள்ளைகள் என்பதால் கதையை நாம் சொல்வதுதான் முறை. லாவ்மென்காரர்களும் சொல்வார்கள், நன்றாகவே சொல்வார்கள், ஆனால் முப்பிடாதியின் பெயர் வாயில் நுழையவில்லை என்கிற ஒரே காரணத்துக்காக அவளைக் கதையிலிருந்து கழற்றிவிடுவார்கள், அவள் இல்லாவிட்டால் கதையில் செருப்பு மட்டும்தான் மிஞ்சும்.

முப்பிடாதி சுரண்டைக்காரி. அவள் அப்பா வில்லாயுதம் அங்கே காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். மகளுக்குச் சீனாவில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்த அன்றே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்து, வெயிலில் அது வெளுத்ததும் புதிதாக இன்னொன்று வைத்து, கேரளாவிலிருந்து தக்காளி ஏற்ற வருகிற லாரி டிரைவர்களிடம்கூட எடை போட்டு முடிவதற்குள் மகள் டாக்டருக்குப் படிக்கிற சேதியைச் சொல்லி அனுப்பிவிடுகிற மனிதர் அவர். மகளோ இரண்டாம் வருடத்தின் நடுவில், ஒரு சாதாரண நாளில், உடற்கூறு வகுப்பில் கத்தியைக் கையில் பிடித்து நிற்கும்போது தனக்கு இது வேண்டாம் என்று தெரிந்துகொண்டாள். பயம் இல்லை, மயக்கம் இல்லை, மதிப்பெண்ணும் குறையவில்லை. குறைந்திருந்தால் அதையே சாக்காக வைத்து ஊருக்குப் போயிருக்கலாம், நன்றாக வேறு படித்துத் தொலைத்தாள். எதைக் கண்டாலும் இது என்ன, ஏன் இப்படி இருக்கிறது என்று நின்று பார்க்கிற ஆசை அவளுக்கு உண்டு, அறுத்துப் பார்க்கிற ஆசை இல்லை, அவ்வளவுதான் விஷயம். இதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை, ஒரே அறையில் படுத்துத் தூங்குகிற பாளையங்கோட்டை ஜெபசெல்வியிடமும் சொல்லவில்லை, மாதக்கணக்கில் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அப்படித் திரிந்த நாட்களில் ஒன்றில்தான், வசந்த கால விடுமுறையன்று, பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி லாவ்மென்னைச் சுற்றிப் பார்க்க அனுப்பியது. பொறுப்பாளராக வந்தவர் பேராசிரியர் காவ். எந்நேரமும் கையில் வெந்நீர்க் குடுவையும் முகத்தில் கவலையுமாக இருக்கிறவர், எது நடந்தாலும் ‘மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது’ என்பதுதான் அவர் வாயிலிருந்து வருகிற முதல் சொல். ஊர் காட்ட வந்த இளம்பெண் லின், நுனியில் மஞ்சள் வாத்துப் பொம்மை கட்டிய கம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தாள், வாத்து போகிற பக்கம் எல்லோரும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் கோயில், அப்புறம் அந்தக் காலத்து அரசாங்கத் தேர்வுக்கூடம், முரசுக் கோபுரம், கல்பாலம், மதியச் சாப்பாடு, மதில், ஐந்து மணிக்கு பஸ் என்று ஒலிபெருக்கியில் வரிசையாகச் சொன்னாள். பிள்ளைகள் எல்லோருக்கும் அதற்குள் சீனம் நன்றாகவே பிடிபட்டிருந்தது.

கோயில் வாசலில் தூறல் விழுந்து கல் நனைந்து கிடந்தது. முழங்கால் உயரத்துக்கு இருந்த மர வாசற்படிக்கு முன்னால் வந்ததும் முப்பிடாதியின் கால்கள் அவளைக் கேட்காமலே கறுப்புக் கேன்வாஸ் ஷூவை உதறிவிட்டன.

“இங்கே கழற்ற வேண்டாம், யாரும் கழற்றுவதில்லை,” என்றாள் லின். “தரை ஈரமாக இருக்கிறது.”

“தெரிகிறது,” என்றாள் முப்பிடாதி. “ஆனால் உள்ளே சாமி இருக்கிறதே.”

ஒருத்தி கழற்றிவிட்டால் போதாதா, பாளையங்கோட்டைச் சர்ச்சிலும் செருப்பை வெளியே விட்டுப் பழகிய ஜெபசெல்வி கழற்றினாள், பள்ளிவாசலும் தர்காவும் கண்டு வளர்ந்த ரிஸ்வானா கழற்றினாள், கடவுளே கிடையாது என்று பஸ்ஸில் வழி முழுக்க வாதாடிக்கொண்டு வந்த தளவாய்கூட எல்லோரும் கழற்றும்போது நான் மட்டும் எதற்கு என்று கழற்றினான். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒற்றை அங்கே ஒற்றை இங்கேயாக, கல்யாண மண்டப வாசலில் கிடக்குமே அந்த மாதிரிக் குவியலாகப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். வாசல் பெருக்குகிறவர் தன் வாழ்நாளில் கோயிலுக்கு வெளியே செருப்பைக் கண்டதில்லை, பாவம் நனைகிறதே என்று ஜோடி ஜோடியாகச் சேர்த்து, தாழ்வாரத்தின் ஓரமாக, மூக்கு தெருவைப் பார்க்கும்படி வரிசையாக வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அந்தச் செருப்புகளுக்கு அதுவரை யாரும் அவ்வளவு மரியாதை செய்ததில்லை.

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தால் ஒரு ஜோடிகூட இல்லை.

“தூக்கிட்டானுவ பாத்தியாட்டி,” என்றாள் ஜெபசெல்வி, அவளுக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது, அயல்நாட்டிலும் கோயில் வாசல் கோயில் வாசலாகத்தான் இருக்கிறது என்கிற நிம்மதி. கும்பகோணத்துப் பாரிவேந்தன், கோயிலில் செருப்புத் தொலைந்தால் பிடித்த பீடை விட்டது என்று அர்த்தம், சனி பகவான் செருப்போடு போய்விட்டார், இந்த செமஸ்டரில் பாரு என்று சந்தோஷப்பட்டான். பேராசிரியர் காவ் மட்டும் முகம் சிவந்து, எங்கள் நாட்டில் இப்படி நடக்காது, எல்லா இடத்திலும் கேமரா இருக்கிறது, மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எல்லோரையும் வெறுங்காலோடு காவல் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. தாழ்வாரத்தில் செருப்புகள் கொஞ்ச நேரம் சும்மா நின்றன, பிறகு தளவாயின் பெரிய வெள்ளை ஷூ ஒரு அடி எடுத்து வைத்தது, அதன் பின்னால் ரிஸ்வானாவின் ஊதா நிறத்தது, அதன் பின்னால் மற்றவை, வலது இடது வலது இடது என்று படியிறங்கி, தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, தெருவில் ஒரு மிட்டாய் வண்டி போகட்டும் என்று நின்று, பிறகு கடந்து போயின. காவலர் அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

“இது திருட்டு இல்லை,” என்றார். “தாமாகவே போயிருக்கின்றன. நான் என்னவென்று எழுதுவது?”

பேராசிரியர், சரி, வாத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று லின்னைக் கேட்டார். லின், செருப்புகள் போன பக்கமே நம்முடைய அட்டவணையும் போகிறது என்று சொல்லிக் கம்பைத் தூக்கினாள். சேதி அவர்களுக்கு முன்னால் ஓடியிருந்தது. முதல் திருப்பத்திலேயே, கையில் சிவப்புப் பட்டை கட்டிய ஷு அம்மா என்கிற தெருக் கமிட்டிக்காரி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து யாரையாவது வழிநடத்தக் கிடைக்காதா என்று காத்திருந்தவள், விசிலும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். துணிச் செருப்புகளை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து பிள்ளைகளின் காலுக்குத் தோதாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள், எந்தச் செருப்பு எந்தச் சந்தில் திரும்பியது என்று விரலை மடக்கிச் சொன்னாள், அதில் இரண்டு ஜோடி சிவப்பு விளக்கை மதிக்கவில்லை என்று பேராசிரியரிடம் புகாரும் செய்தாள்.

தேர்வுக்கூடத்து வாசலில் டிக்கெட் கொடுப்பவருக்கும் காவலாளிக்கும் ஏற்கெனவே ஒரு வாக்குவாதம் நடந்து முடிந்திருந்தது. தனியாக வந்த செருப்புக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று காவலாளி கேட்க, டிக்கெட்காரர் சுவரில் குழந்தைகளுக்காக வரைந்திருந்த உயரக் கோட்டைக் காட்டி, இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற யாருக்கும் இலவசம், சட்டம் தெளிவாக இருக்கிறது, வந்தவற்றில் ஒன்றுகூடக் கோட்டைத் தொடவில்லை என்று உள்ளே அனுப்பிவிட்டார். அந்தத் தீர்ப்பு அன்று மாலைவரை ஊர் முழுக்கச் செல்லுபடியானது.

உள்ளே நீளநீளமாக வரிசைகள், வரிசை முழுக்க ஒரு ஆள் மடங்கி உட்காரும் அளவுக்குச் சின்னச் சின்ன அறைகள். அந்தக் காலத்தில் உத்தியோகத்துக்குத் தேர்வு எழுத வந்தவர்கள் நாள்கணக்கில் அதற்குள்ளேயே எழுதி, சமைத்து, தூங்கினார்கள் என்று லின் சொன்னாள். முப்பிடாதி ஒரு அறைக்குள் தலையை விட்டு, மை எங்கே வைப்பார்கள், மழை வந்தால் காகிதத்தை எப்படிக் காப்பாற்றுவார்கள், பாதியில் எழுந்து போகிறேன் என்றால் விடுவார்களா என்று கேட்டாள்.

“விடமாட்டார்கள்,” என்றாள் லின். “வாசல் கதவை வெளியே பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள்.”

பக்கத்து அறையிலிருந்து ஜெபசெல்வி அலறினாள். எழுதும் பலகைக்கு அடியில் அவளுடைய பழுப்பு நிறச் செருப்பு, இரண்டும் சேர்ந்து, பரீட்சை எழுதுகிறவன் கால் இருக்குமே அப்படி, குதி லேசாகத் தூக்கி, ஆடாமல் அசையாமல் இருந்தது. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிறவள் அவள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“ஏட்டி, ஒஞ் செருப்புகூடப் படிக்கப் போயிருக்கு,” என்று முப்பிடாதியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றுபோனது. செருப்புகள் ஊர் சுற்றப் போகவில்லை, கால் உள்ளே இருந்த காலத்தில் போக முடியாத இடத்துக்குப் போகின்றன, யாருக்கு எங்கே மனசோ அங்கே. அப்படியானால் தன்னுடைய கறுப்பு ஷூ எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்குத் தெற்கே ரயில் நிலையம் இருந்தது, பஸ்ஸில் வரும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்திருந்தாள். அங்கே பிளாட்பாரத்தில், ஊருக்குப் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு அது நிற்கும், இத்தனை பேரும் கூட்டமாகப் போய்க் கண்டுபிடிப்பார்கள், படம் எடுப்பார்கள், அந்தப் படம் அன்றைக்கே சுரண்டைக்குப் போய்ச் சேரும்.

அதற்குப் பிறகு அவள் பார்த்ததெல்லாம் இரண்டு மனசோடு பார்த்ததுதான். தளவாயின் ஷூ நூடுல்ஸ் கடையில் மேஜைக்கு அடியில் கிடைத்தது, கடைக்காரர் வந்த விருந்தாளியைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது என்று மேஜை மேல் ஒரு கிண்ணம் சூப்பும் வைத்திருந்தார், தளவாய் உட்கார்ந்து அதைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தான். முரசுக் கோபுரத்தின் உச்சிப்படியில் ஏழெட்டு ஜோடி, கைப்பிடிச் சுவரில் மூக்கை வைத்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கல்பாலத்தின் நட்டநடுவில் ரிஸ்வானாவின் ஊதா ஷூவும் பாரிவேந்தனின் நைந்துபோன செருப்பும் ஒன்றை ஒன்று பார்த்தபடி மூக்கு முட்ட நின்றன. அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து யாரும் நினைத்துப் பார்த்ததில்லை, அவர்கள் முகத்தைப் பார்த்தால் அவர்களும் நினைத்ததில்லை போலத்தான் இருந்தது. ரிஸ்வானா தன்னுடையதை எடுத்துக்கொண்டு பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கினாள், பாரிவேந்தன் சனி பகவானைப் பற்றி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

இதற்குள் லாவ்மென் ஊரே வாசலில் செருப்பைக் கழற்றி வைக்க ஆரம்பித்திருந்தது. வெளியூர்ப் பிள்ளைகளின் செருப்புக்கே இவ்வளவு விஷயம் தெரிந்திருந்தால் நம்முடையதற்கு என்னென்ன தெரியுமோ என்று யாருக்குத்தான் இருக்காது. மருந்துக் கடைக்காரருடையது நேராக ஆற்றங்கரைக்குப் போய்த் தூண்டில் போடுகிறவர்கள் பக்கத்தில் நின்றது, மணப்பெண் ஒருத்தியுடையது மாப்பிள்ளை வீட்டுக்கே போனதால் இரண்டு வீட்டிலும் இனிப்புக் கொடுத்தார்கள், நகரமன்றத் தலைவருடையது எவ்வளவு நேரம் ஆகியும் வைத்த இடத்தை விட்டு நகரவில்லை, அதை அவர் கடமை உணர்ச்சி என்றார், மற்றவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். துணிக்கடைக்காரர் மனைவி ஆசையாசையாகத் தன் நல்ல செருப்பைத் தெருவைப் பார்த்து வைத்துவிட்டு ஜன்னலில் காத்திருக்க, அது திரும்பி வீட்டுக்குள் வந்து அடுப்படியில் போய் நின்றது, அவள் அதை எடுத்துச் சுவரில் அடித்து, இனி இந்தப் பக்கம் வந்தால் கொளுத்திவிடுவேன் என்று கத்தி அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கூட உட்கார்ந்துகொண்டார்கள், அன்று அந்த வீட்டில் சமையல் இல்லை. ஷு அம்மாவுக்கு விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டிவிட்டது, தெருவுக்கு ஓர் ஆளாகச் சிவப்புப் பட்டை கட்டி நிறுத்தினாள், எந்தச் செருப்பு எங்கே கண்டாலும் தெருவின் ஃபோன் குழுவில் உடனே போடுங்கள் என்று உத்தரவு போட்டாள்.

மதியச் சாப்பாட்டில் பேராசிரியர் காவ் சரியாகச் சாப்பிடவில்லை. எழுந்து வாசல்வரை போனார், தயங்கி நின்றார், வந்து உட்கார்ந்தார், மறுபடி போனார். மேலிடத்தை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று பிள்ளைகள் விட்டுவிட்டார்கள்.

மதிலுக்கு ஏறும்போது முப்பிடாதி ஒருத்திதான் துணிச் செருப்பில் இருந்தாள், மற்ற எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. மேலே காற்று நன்றாக வீசியது, ஒரு பக்கம் ஓட்டு வீடுகளும் மறு பக்கம் புதுக் கட்டிடங்களுமாக ஊர் விரிந்து கிடந்தது. மதில் செங்கல்லில் சிலவற்றில் எழுத்து இருந்ததைக் கண்டு அவள் குனிந்து தடவிப் பார்த்தாள்.

“சூளைக்காரர்களின் பெயர்,” என்றாள் லின். “கல் உடைந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே.”

“உடையாத கல்லிலும் பெயர் இருக்கிறதே, இவர்களை யாராவது கூப்பிட்டுப் பாராட்டினார்களா?”

லின் சிரித்துவிட்டாள். இத்தனை கூட்டத்தை இந்த மதிலுக்கு அழைத்து வந்திருக்கிறேன், இதை யாரும் கேட்டதில்லை என்றாள். முப்பிடாதிக்கு அந்தக் கணம் ரயில் நிலையம் மறந்திருந்தது. பிறகு தெற்கே ஒரு ரயில் கூவியது, அவள் கல்லிலிருந்து கையை எடுத்து அந்தப் பக்கம் பார்த்தாள். ஜெபசெல்வி அவள் தோளைப் பிடித்து, “எதுக்குட்டி மொகத்த இப்பிடி வச்சிருக்க, ஒரு ஷூ தானே, போனா போவுது,” என்றாள். போனால் போகட்டும் என்றுதான் அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள், யார் கண்ணிலும் படாமல் போய்த் தொலையட்டும் என்று.

பஸ் மதில் வாசலில் வந்து நின்றது. எல்லோரும் ஏறப் போகிற நேரத்தில் லின்னின் ஃபோன் அடித்தது, தெருக் குழுவில் சேதி வந்திருந்தது. அவள் சந்தோஷமாக ஒலிபெருக்கியிலேயே படித்தாள்.

“கிடைத்துவிட்டது! ரயில் நிலையத்தில் ஒரு ஜோடி, கறுப்பு, தனியாக நிற்கிறதாம், டிக்கெட் வாசலைப் பார்த்து!”

பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். வழியில்தானே, போய் எடுத்துக்கொண்டு போகலாம் என்று டிரைவரும் சொன்னார். இவர்கள் போய்ப் பார்த்து, புரிந்துகொண்டு, புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள், அதை மட்டும் தன்னால் தாங்க முடியாது என்று முப்பிடாதிக்குத் தோன்றியது.

“அது என்னுதுதான்,” என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது. “எதுக்கு அங்க போயி நிக்குன்னு நீங்க யாரும் கண்டுபிடிக்க வேண்டாம், நானே சொல்லுதேன். எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம். டாக்டர் ஆவ எனக்கு இஷ்டமில்ல. ஃபெயில் ஆவல, யாரும் ஒண்ணும் சொல்லல, எனக்குப் பிடிக்கல. ஊருக்குப் போணும். அதான் அது முன்னால போயிட்டு.”

தளவாய் தன் ஷூவைப் பார்த்தான். பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார், அவள் அதையே சீனத்தில் அவரிடமும் சொன்னாள், இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

“எங்கிட்டகூடச் சொல்லலியேட்டி,” என்றாள் ஜெபசெல்வி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “நித்தம் ஒன்னைய எழுப்பி எழுப்பிப் படிக்க வச்சேனே, பாவி.”

பஸ் ரயில் நிலையத்துக்குப் போனது. டிக்கெட் வாசலுக்கு முன்னால், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், ஒழுங்காக வரிசையில் நிற்கிறவரைப் போல அந்த ஜோடி நின்றது. கறுப்புதான். ஆனால் தோல் ஷூ, பெரியவருடையது, பாலிஷ் போட்டுப் பளபளவென்று, வலது குதி தேய்ந்து போயிருந்தது. முப்பிடாதி அதைப் பார்த்தாள், ஜெபசெல்வி அதைப் பார்த்தாள், பிறகு எல்லோரும் மெல்லத் திரும்பிப் பேராசிரியர் காவின் காலைப் பார்த்தார்கள். சாம்பல் நிறக் காலுறையோடு நின்றார். மதியத்திலிருந்தே அப்படித்தான் மதில்மேல் ஏறி இறங்கியிருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை.

“கான்சு மாகாணத்தில் எங்கள் கிராமம்,” என்றார் அவர். “அண்ணன் இருக்கிறான். ஒரு பேச்சு முற்றிப்போய்… நான் போகவே இல்லை.” குனிந்து ஷூவை எடுத்தார், போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, ரயில் நேரம் எழுதிய பலகையை வெகுநேரம் படித்தார். மேலிடத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பிடாதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. சொன்னதை இனி எந்தப் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்புவது?

நிலையத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுடைய ஷூ வந்தது. ரோட்டின் ஓரமாக, அவசரமே இல்லாமல், வருகிற வழியில் ஒரு மரத்தடியில் நின்று, பிறகு ஒரு கடைக் கண்ணாடியில் நின்று, வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் தொண்டை கட்டிய ஷு அம்மா, விசில் கழுத்தில் தொங்க, களைத்துப்போய் வந்தாள்.

“இது உன்னுடையதா?” என்று முப்பிடாதியைக் கேட்டாள். “காலையிலிருந்து என் உயிரை வாங்கிவிட்டது. மற்றதெல்லாம் ஓர் இடத்துக்குப் போனோமா நின்றோமா என்று இருந்தன, இது விடாமல் சுற்றுகிறது. தேர்வுக்கூடம் போனது, கோபுரம் போனது, மீன் சந்தைக்குப் போனது, பட்டறையில் இரும்பு அடிப்பதைப் பார்த்தது, ஆஸ்பத்திரி வாசலிலும் நின்றது, இந்த ஸ்டேஷனுக்கும் மத்தியானம் வந்துவிட்டுப் போனது. எங்கே பலகை வைத்திருந்தாலும் அதற்கு முன்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டுத்தான் நகர்கிறது. இத்தனை வருடத்தில் அந்தப் பலகைகளை யாரும் முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை.”

ஷூ படியேறி வந்து முப்பிடாதியின் காலடியில் நின்றது. மீன் செதில், கரி, பாசி, சிவப்புப் பழ மிட்டாயின் பாகு, எதையெல்லாமோ அப்பிக்கொண்டு வந்திருந்தது. அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவளுக்கு அதன் மேல் பொறாமைகூட வந்தது. ஊருக்குப் போகத் துடித்தது அது இல்லை, அங்கேயே இருக்கவும் அது கேட்கவில்லை. அது எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டது, பார்த்தது, அவ்வளவுதான். காட்டிக்கொடுக்க அதற்கு ஒன்றும் இல்லை, சொன்னதெல்லாம் அவளே சொன்னது.

ஜெபசெல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். “இப்பம் என்னட்டி செய்யப் போற?”

“ஃபோன் பண்ணணும்,” என்றாள் முப்பிடாதி. ஷூவைப் போட்டுக் கயிற்றைக் கட்டினாள்.

சுரண்டையில் மதியம் தாண்டியிருந்தது. ஏலம் முடிந்து மார்க்கெட் ஓய்ந்திருக்கும் நேரம், அப்பா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“சொல்லும்மா! ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னியே, பாத்தாச்சா?”

“பாத்தாச்சுப்பா.” அவள் மூச்சை இழுத்து விட்டாள். “அப்பா, எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம்ப்பா.”

அந்தப் பக்கம் தராசுத் தட்டு ஒன்று இறங்குகிற சத்தம் கேட்டது. யாரோ கத்திரிக்காய் விலை கேட்டார்கள்.

“ஃபெயிலாயிட்டியா?”

“இல்லப்பா. நல்ல மார்க்குதான்.”

“யாரும் ஏதும் சொன்னானுவளா?”

“இல்லப்பா.”

“பொறவு என்னத்துக்கு?”

“பிடிக்கலப்பா. ரொம்ப நாளா பிடிக்கல.”

கத்திரிக்காய்க்காரர் மறுபடி கேட்டார். வில்லாயுதத்தின் குரல் வந்தபோது அது மார்க்கெட் முழுக்கக் கேட்கிற குரலாக இல்லை, அவ்வளவு சின்னக் குரல் அவருக்கு உண்டு என்பதே முப்பிடாதிக்கு அன்றுதான் தெரியும்.

“நான் ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டனேம்மா.”

“நானும் இங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்ப்பா.”

பிறகு ஒரு சத்தம் வந்தது, இருமலா, அழுகையா, சிரிப்பா என்று இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாத சத்தம்.

“அப்பம் ரெண்டு பேரும் வசமா மாட்டிக்கிட்டோம்,” என்றார் வில்லாயுதம். கத்திரிக்காய்க்காரரிடம் ஏதோ ஒரு விலையைச் சொன்னார், அந்த ஆள் உடனே ஒத்துக்கொண்டதைப் பார்த்தால் ரொம்பக் குறைத்துத்தான் சொல்லியிருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிற சத்தம் கேட்டது.

“ஃபோன வச்சிராதம்மா,” என்றார். “பேசு.”